கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது என்ன என்று கேளுங்கள்

மதுரையில் டவுன்ஹால் ரோடு, நேதாஜி ரோடு, மாசி வீதிகள் என்று கோயிலைச் சுற்றி எங்கே திரும்பினாலும் ஒரு ஐஸ்கிரீம் கடை இருக்கிறது. சித்திரை வெயிலில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வருகிற குடும்பம் முதலில் தேடுவது ஜில்லென்று ஏதாவது ஒன்றைத்தான். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் இத்தனை கடைகள். பிழைக்கட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் காசு கொடுக்கிறவர்களிடம் தாங்கள் விற்பது என்ன என்று சொல்வதில் இந்தக் கடைகள் பலவற்றுக்கும் அக்கறையே இல்லை. ரொம்ப நாளாக இது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நம் நாட்டில் வெறுமனே ஐஸ்கிரீம் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் அதில் பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பால் கொழுப்புக்குப் பதில் பாமாயில் மாதிரி தாவர எண்ணெய் சேர்த்துச் செய்தால் அது ஃப்ரோசன் டெசர்ட். அந்தப் பெயரில்தான் விற்க வேண்டும். கப்பாகவோ குச்சியாகவோ வாங்கினால் உறையைத் திருப்பிப் பார்க்கலாம், பொடி எழுத்திலாவது அது அச்சாகியிருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் தொட்டி தொட்டியாக வைத்துக் கரண்டியால் அள்ளித் தரும்போது நமக்கு எந்த உறை கிடைக்கிறது? முன்னால் பட்டர்ஸ்காட்ச், பிளாக் கரன்ட் என்று சீட்டு மட்டும் செருகியிருப்பார்கள். பால் எது, எண்ணெய் எது என்று அந்தச் சீட்டில் இருக்காது.

ஃப்ரோசன் டெசர்ட் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 2017-ல் அமுல் ஏறக்குறைய அப்படித்தான் விளம்பரம் செய்தது. அப்போது ஃப்ரோசன் டெசர்ட் விற்றுவந்த இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது, நீதிமன்றமும் அந்த விளம்பரங்களுக்குத் தடை போட்டது. சட்டப்படி விற்கக்கூடிய பொருள்தான், பிடித்தவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பால் கொழுப்பைவிட பாமாயில் மலிவு. மலிவான பொருளுக்குப் பால் ஐஸ்கிரீம் விலையை வாங்கிக்கொண்டு, என்ன என்று சொல்லாமலும் இருந்தால் அது ஏமாற்றுதான்.

போன கோடையில் ஊருக்குள் ஒரு கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டியும் ஆறேழு வயதுப் பேத்தியும். "தம்பி, இது பால்ல செஞ்சதா?" என்று கேட்டார் பாட்டி. "எல்லாம் ஐஸ்கிரீம்தான் பாட்டி, எந்த ஃபிளேவர்னு சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்றார் கரண்டி பிடித்திருந்த பையன். பாட்டி விடவில்லை. "பிள்ளைக்கு முந்திரி, பாதாம் ஒத்துக்காதுப்பா, உடம்பெல்லாம் தடிச்சிரும்" என்றார். சரி பாட்டி என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் கரண்டியை எடுத்த இடத்தைப் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் மக்கு. அதில் பச்சையும் ரோஸும் கலந்து கலங்கிப்போன தண்ணீர், மேலே பருப்புத் துணுக்குகள் மிதக்கின்றன. எல்லாத் தொட்டிக்கும் அந்த ஒரே கரண்டி, எல்லாருக்கும் அந்த ஒரே தண்ணீர். அப்படியே வெனிலாவுக்குள் விடப் போனார். "தம்பி, அதைக் குழாயில் நல்லாக் கழுவிட்டு, புதுத் தொட்டி உடைச்சுக் கொடுங்க" என்றேன். முகம் சுளித்தாலும் செய்தார்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. காலையிலிருந்து ராத்திரிவரை நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர். பருப்பு ஒவ்வாமை சில பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல்வரை கொண்டுபோய்விடும், கரண்டியில் ஒட்டிய துணுக்கு போதும் என்று அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? கல்லாவில் உட்கார்ந்திருக்கிற முதலாளி சொல்லியிருக்க வேண்டும். கரண்டி கழுவ ஓடுகிற தண்ணீர், பருப்பு இல்லாத வகைக்குத் தனிக் கரண்டி, இதற்கெல்லாம் என்ன பெரிய செலவு ஆகிவிடும்? வெளியே எல்.இ.டி. போர்டுக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு துளி.

அளவு விஷயமும் இப்படித்தான். ஐஸ்கிரீமில் காற்று அடிப்பது தப்பில்லை, காற்று இல்லாவிட்டால் வாயில் வைக்க முடியாத கட்டியாகிவிடும். அதனால்தான் ஒரு லிட்டர் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பாக்கெட்டில் மில்லி கணக்காவது போட்டிருக்கும். ஸ்கூப்புக்கு மில்லியும் இல்லை, கிராமும் இல்லை, பையன் கை வாக்குதான்.

அப்புறம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ஐஸ்கிரீமுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நான் வழக்கமாகப் போகிற ஒரு கடையில் அதற்குப் பிறகும் போர்டில் பழைய விலைதான். கேட்டதற்கு, பால் விலை ஏறிவிட்டது என்றார்கள். ஏறியிருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் எத்தனை தொட்டியில் பால் இருக்கிறது என்று கேட்டால் பதில் வரவில்லை.

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்க நிற்கிறபோது எனக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. உட்கார இடமில்லை, ஏசி இல்லை. ஆனால் கடற்பாசி, நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம் என்று ஒவ்வொன்றும் கண் முன்னால் கிளாஸில் விழுகிறது. "அண்ணே, சர்பத் கொஞ்சம் கம்மியா" என்றால் கம்மியாக ஊற்றுகிறார். அங்கே எல்லாம் சுத்தம் என்று நான் சான்று கொடுக்கவில்லை. கேட்டதைக் காதில் வாங்கிப் பதில் சொல்கிறார்கள். ஏசி போட்ட கடையில் அதைவிடப் பல மடங்கு விலை கொடுக்கிற நமக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

எந்தத் தொட்டி பால், எந்தத் தொட்டி எண்ணெய், எதில் பருப்பு என்று பெட்டி மேலேயே தமிழில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சாப்பிடும்போது நறநறவென்று ஐஸ் துகள் பல்லில் பட்டால் உருகி மறுபடி உறைந்த சரக்காக இருக்கலாம், திருப்பிக் கொடுக்கத் தயங்காதீர்கள். பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும், 2022-லிருந்து கட்டாயம். இல்லையென்றால் கல்லாவில் கேளுங்கள், மழுப்பினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மதுரையில் பெட்டி மேல் இப்படி எழுதி வைத்திருக்கிற கடை ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் கீழே சொல்லுங்கள். அந்தக் கடையின் பெயரை நானே எல்லாரிடமும் சொல்கிறேன்.