அது தப்பு இல்லை ஐயா, பாடாந்தரம்

சனிக்கிழமை செஷன் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஐரிஷ் மெட்டுகளைச் சேர்ந்து வாசிக்கும் கூட்டம்) வீடியோவைப் பார்த்தவர்களுக்கு நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். அவர்களுக்கு ஒரே வரி: நான் ஃபிடிலில் வாசித்த ‘ரேக்கிஷ் பேடி’ என்ற ஐரிஷ் மெட்டு தப்பு என்று பாஞ்சோ வாசிக்கும் ஒருவர் எல்லார் முன்னாலும் சொன்னார். இதைப் பற்றி எழுதவே கூடாது என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி இன்பாக்ஸில் ஒரு தம்பி வந்து, “அக்கா, அந்த பாஞ்சோக்காரர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கே” என்றார். அதோடு பொறுமை போயிற்று.

ரேக்கிஷ் பேடிக்கு ‘சரியான வடிவம்’ என்று ஒன்று கிடையாது. எந்த ரீலுக்கும், அதாவது இந்த மாதிரி வேக நடன மெட்டுக்கும், கிடையாது. அயர்லாந்துக்காரர்கள் தங்கள் சொத்தாகக் கொண்டாடும் இந்த ரேக்கிஷ் பேடியே ஸ்காட்லாந்தின் ‘கேபர் ஃபே’ என்ற மெட்டுக்கு நெருங்கிய சொந்தம். கடல் தாண்டி, பெயர் மாறி, குடியுரிமை வாங்கிக்கொண்ட மெட்டு. அதற்குப் போய் ஒருவர் பாஸ்போர்ட் பரிசோதனை நடத்துகிறார்.

தகராறு ஒரே ஒரு சுரத்தைப் பற்றியது. வயலின் தெரிந்தவர்களுக்காகச் சொல்கிறேன். டி-யை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சி நேச்சுரல் கைசிகி நிஷாதம், சி ஷார்ப் காகலி நிஷாதம். ஏ தந்தியில் நடுவிரல் ஆள்காட்டி விரலை ஒட்டி விழுந்தால் கைசிகி, ஒரு விரல் அகலம் தள்ளி விழுந்தால் காகலி. இரண்டுக்கும் நடுவே, கீழிருந்து வழுக்கி ஏறி, எங்கேயும் முழுசாக உட்காராமல் நிற்கும் ஒரு சி இருக்கிறது. இல்லன் பைப் என்ற ஐரிஷ் பைக்குழல் வாசிப்பவர்களிடம் கேட்டால் காட்டுவார்கள். ‘சி சூப்பர்நேச்சுரல்’ என்று அதற்குச் செல்லப்பெயரே உண்டு. நான் வாசித்தது அதைத்தான். பாஞ்சோவில் ஃப்ரெட் இருக்கிறது, வீணையின் மெட்டுக்கட்டு மாதிரி. அந்த சுரம் அங்கே கிடைக்காது. தன் வாத்தியத்தில் இல்லாத சுரம் அடுத்தவர் வாத்தியத்தில் வந்தால் அதற்குப் பெயர் அபசுரம் போலிருக்கிறது.

அதுவும் ரீலை ஆரம்பித்தவள் நான். யார் ஆரம்பிக்கிறாரோ அவர் போகும் வழியில் மற்றவர்கள் போவதுதான் செஷனில் மரியாதை. பாஞ்சோக்காரர் மூன்றாவது சுற்றில் வாசிப்பதை நிறுத்தி, போனை எடுத்து, நோட்டேஷனைத் தேடிப் பிடித்து, கின்னஸ் பியர் கிளாஸ்களுக்கு மேலாக என் முகத்துக்கு நேரே நீட்டினார். “ஓநீல் புத்தகத்தைப் பார்.”

பார்த்திருக்கிறேன் ஐயா. பிரான்சிஸ் ஓநீல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பிறந்து சிகாகோவில் போலீஸ் தலைவர் வரைக்கும் போனவர். 1903-ல் 1,850 மெட்டுகளைத் தொகுத்து அச்சடித்தார். அவர் காலில் விழலாம், அப்பேர்ப்பட்ட வேலை. ஆனால் கேட்டதை நோட்டேஷனாக எழுதுவது அவருக்குக் கைவராது. அவருக்கு எழுதிக் கொடுத்தவர் ஜேம்ஸ் ஓநீல் என்ற இன்னொரு போலீஸ்காரர். அதாவது ஒருவர் அன்றைக்கு வாசித்ததை இன்னொருவர் அன்றைக்குக் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். மறுவாரம் உட்கார்ந்திருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும். அவர்களே வேதம் என்று நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். வேதமாக்கியது நாம்.

மைக்கேல் கோல்மன் விஷயமும் இதேதான். அயர்லாந்தின் ஸ்லைகோவிலிருந்து 1914-ல் அமெரிக்கா போன ஃபிடில்காரர். 1920-களில் அவர் வாசித்த இசைத்தட்டுகள் கப்பலேறி அயர்லாந்துக்கு வந்து சேர்ந்தன. ஊருக்கு ஒரு பாணி வைத்திருந்தவர்கள் அதைப் பரண்மேல் போட்டுவிட்டுக் கோல்மன் மாதிரி வாசிக்க ஆரம்பித்தார்கள். கோல்மன் மேதை, அதில் சந்தேகமில்லை. ஆனால் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் ஓடும். அந்த மூன்று நிமிடத்தில் மாட்டிக்கொண்டது ‘ஒரிஜினல்’ ஆகிவிட்டது. வாசிக்கப்படாமல் போன மற்றதெல்லாம் ‘தப்பு’.

‘கூட்டமாக வாசிக்கும் இடத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி வாசித்தால் கூச்சலாகாதா?’ என்று கேட்பீர்கள். ஆகும்தான். அதற்குத்தான் காது கொடுத்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் எங்கே திரும்புகிறார் என்று கேட்டுக் கூடவே திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சுற்று சும்மா இருக்க வேண்டும். ‘கற்றுக்கொள்பவர்களுக்கு ஒரு நிலையான வடிவம் வேண்டாமா?’ வேண்டும், வைத்துக்கொள்ளுங்கள். யார் தடுத்தது?

நோட்டேஷன்கூடப் பரவாயில்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். வீடியோவில் சரியாகக் கேட்காது. “உங்கள் இந்திய வளைவு நெளிவெல்லாம் இதில் வேண்டாமே.” மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. புல்லாங்குழல்காரர் குழலைத் துடைக்க ஆரம்பித்தார், அன்றைக்குத்தான் அதில் தூசி விழுந்த மாதிரி.

அந்த சி காவிரிக்கரையிலிருந்து வரவில்லை. அயர்லாந்தின் கிழக்குக் கிளேரில் ஒரு சமையலறையிலிருந்து வந்தது. ஆறு வருடம், செவ்வாய்க்கிழமைதோறும், லிமெரிக்கில் வார்டு டியூட்டி முடித்த கையோடு கார் ஓட்டிக்கொண்டு போய் ஒரு பெரியவரிடம் கற்றேன். அவர் வாசிப்பதைப் போனில் பதிவு செய்து, வாரம் முழுக்கத் தேய்த்து, அச்சு அசலாக அவர் முன்னால் வாசித்துக் காட்டுவேன். தலையாட்டுவார். “நன்றாக இருக்கிறது. ஆனால் அது போன வாரத்து” என்பார். பிறகு ஃபிடிலை எடுத்து வேறு மாதிரி வாசிப்பார்.

முதல் வருடம் எனக்குப் பைத்தியமே பிடித்தது. மாயவரத்தில் என் வாத்தியார் ஒரு சங்கதி பிசகினாலும் வில்லாலேயே கையில் தட்டுவார். “இது உமையாள்புரத்துப் பாடாந்தரம், கண்டபடி மாத்தாதே” என்பார். பாடாந்தரம் என்றால் ஒரு குரு வழியில் வந்த பாட்டு வடிவம். ஆனால் அவரேதான், வாலாஜாபேட்டை சிஷ்யப் பரம்பரையில் வந்த ஒருவர் அதே தியாகராஜர் கிருதியை வேறு மாதிரி பாடினால் தப்பு என்று சொல்ல மாட்டார். “அது அவா பாடாந்தரம்” என்பார். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். ஆனாலும் சொல்வார். அந்தச் சுளிப்போடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்திருந்தால் பாஞ்சோக்காரரோடு எனக்கு என்ன சண்டை?

இப்போது சிலர் போன வருடக் கதையைக் கிளறுவீர்கள், தெரியும். மிஸ் மெக்லியோட்ஸ் ரீலை ஏ சுருதியில் ஆரம்பித்த அந்தச் சின்னப் பெண்ணை நிறுத்தி, “ஜி-யில் வாசி” என்று சொன்னவள்தானே நீ என்று. அது வேறு விஷயம். ஸ்காட்லாந்தில் அதை ஏ-யில்தான் வாசிப்பார்கள் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிழைக்க வந்த ஊரில் என் மாத்திரை டிராலியை யாரும் சந்தேகப்பட்டதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு இந்தக் கையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அதே கை ஃபிடிலைத் தொட்டால் மட்டும் எங்கிருந்து வந்தது என்று விசாரணை.

பெரியவர் பிப்ரவரியில் போய்விட்டார். அவர் வாசித்த ரேக்கிஷ் பேடி என் போனில் ஐந்து இருக்கிறது, ஐந்தும் ஐந்து விதம். மூன்றாவதில் பாதியில் கெட்டில் விசிலடிக்கிறது. அவர் நிறுத்தவில்லை, சி-யை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி வாசித்துக்கொண்டே போகிறார். சனிக்கிழமை நான் வாசித்தது அந்த மூன்றாவது.