இளைச்சு அழகாயிட்டான்னு ஊரே சொன்னுச்சு

என் பொண்ணுக்கு அனோரெக்சியா வந்த கதை இது, சாப்பாட்ட ஒதுக்கி ஒதுக்கித் தன்னையே பட்டினி போட்டுக்கற மனநோய். இத அவகிட்ட படிச்சுக் காட்டிட்டுதான் போடறேன். ரெண்டே கண்டிஷன் போட்டா. போட்டோ வேணாம், எத்தன கிலோ இருந்தேன்னு எழுதாதீங்கம்மா, அந்த நம்பரப் பாத்து போட்டி போடற புள்ளைங்க இருக்காங்கன்னா. அதனால நம்பர் எதுவும் இருக்காது, கேக்காதீங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசம். திருச்சி வெயில் எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல, நாங்கல்லாம் நனைஞ்ச துண்ட தோள்ல போட்டுட்டு அலையறோம், இவ ஸ்வெட்டர் போட்டுட்டு ஃபேன ஆஃப் பண்ணுங்கன்னு சண்டை போடறா. ரத்தம் கம்மியா இருக்கும், முருங்கைக்கீரை குடுத்தா சரியாயிடும்னு நான் பாட்டுக்கு இருந்தேன். அப்பவே உடம்பு தன்னைச் சூடா வச்சுக்கக்கூட முடியாம தவிச்சிட்டிருந்திருக்கு.

ஆரம்பிச்சது ப்ளஸ் ஒன்ல. மொதல்ல ஸ்வீட் வேணாம், அப்புறம் எண்ணெய் வேணாம், அப்புறம் சோறு வேணாம். அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை விரதம், செவ்வாய் விரதம், சஷ்டி, ஏகாதசி எதையும் விடல. என் மாமியாருக்கு அவ்ளோ பெருமை, இந்த வயசுல இவ்ளோ பக்தியான்னு. நம்ம வீட்டுல விரதம்னு சொல்லிட்டா யாரு ஏன்னு கேப்பா? விரதத்த நான் குறை சொல்லல, நானும் சஷ்டி இருக்கறவதான், ஆனா நமக்கு எப்படா விரதம் முடியும்னு இருக்கும், இவளுக்கு ஐயோ முடியப்போகுதேன்னு இருந்திருக்கு. அந்த வித்தியாசத்தக் கவனிக்கத் தெரியல எனக்கு.

ஒரு கல்யாணத்துல என் நாத்தனார், இளைச்சு எவ்ளோ அழகாயிட்டடி, எங்களுக்கும் டிப்ஸ் குடேன்னாங்க. சுத்தி நின்ன எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. நானும் சிரிச்சேன், அதான் இப்பவும் உறுத்துது.

இதுல ஒரு விசித்திரம் என்னன்னா எங்களுக்கெல்லாம் அவதான் சமைப்பா. ராத்திரி ஒரு மணி வரைக்கும் யூடியூப்ல சமையல் வீடியோ, காலைல ரவா கேக், பனீர்ல ஏதாவது ஒண்ணு, நாங்க சாப்பிட்டு முடிக்கற வரை பக்கத்துலயே நின்னு பாப்பா, ஒரு வாய் வைக்க மாட்டா. தன் தட்டுல இருக்கற ஒரு இட்லிய மூக்குத்தி அளவுக்குப் பிச்சுப் பிச்சு முக்கால் மணி நேரம் ஓட்டுவா. தட்டையும் அவளே கழுவிடுவா, பொறுப்பான புள்ளைன்னு நெனச்சேன். ஒருநாள் ஸ்கூல் பேக் சைடு ஜிப்ல டிஷ்யூல சுத்தின இட்லி, பூசணம் பிடிச்சு.

பீரியட்ஸ் நின்னு நாலு மாசம் ஆகியிருந்துச்சு. மொதல்ல பாத்த டாக்டர் எக்ஸாம் டென்ஷன்னு வைட்டமின் மாத்திரை குடுத்தார். ரெண்டாவது பாத்த லேடி டாக்டர் நாடியப் பிடிச்சதுமே முகம் மாறி உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னாங்க. இதயத் துடிப்பு அவ்ளோ கம்மி. அட்மிட் பண்ணிட்டு சைக்கியாட்ரிஸ்ட்ட வரச் சொன்னாங்க. என் பொண்ணுக்கு என்ன பைத்தியமான்னு காரிடார்ல நின்னு அழுதேன், வெக்கமாத்தான் இருக்கு சொல்ல.

அந்த சைக்கியாட்ரிஸ்ட் ஒரு விஷயம் சொன்னார். 1944ல அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டில ஆன்செல் கீஸ்னு ஒருத்தர் 36 ஆம்பளைங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்கார். போருக்குப் போக மாட்டோம்னு மறுத்த, திடகாத்திரமான பசங்க, அவங்களா விரும்பி வந்தவங்க. ஆறு மாசம் பாதி வயித்துக்குத்தான் சாப்பாடு. கொஞ்ச நாள்ல அவங்களுக்குக் குளிர ஆரம்பிச்சிருக்கு, எரிச்சல், யாரோடயும் பேசப் பிடிக்கல, நாள் பூரா சாப்பாட்டு நெனப்பு, சமையல் புத்தகமா வாங்கிச் சேத்திருக்காங்க, தட்டுல இருக்கறத பொடிப்பொடியாக்கி மணிக்கணக்கா சாப்பிட்டிருக்காங்க. எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு, அப்படியே என் பொண்ணு! அவங்க யாருக்கும் ஒல்லியாகணும்னு ஆசை கெடையாது, பட்டினியே மூளைய அப்படி ஆக்கிடுச்சு. திமிரு, சினிமா பாத்துக் கெட்டுப்போச்சுன்னு நான் திட்டினதுல முக்கால்வாசி பட்டினி பண்ண வேலை. அது எதனால ஆரம்பிச்சதுங்கறது வேற கதை, பரம்பரையும் உண்டு, எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் வரணுங்கற குணமும் உண்டு, நாத்தனார் மாதிரி வாயும் உண்டு. ஆனா வயித்துல ஏதாவது விழாம அந்த மூளைகிட்ட புத்திமதி பேசிப் பிரயோஜனம் இல்லன்னார்.

உடனே நான் பிரியாணி வாங்கிட்டு ஓடினேன். நர்ஸ் வாசல்லயே நிறுத்திட்டாங்க. ரொம்ப நாள் காஞ்ச உடம்புக்குத் திடீர்னு நெறைய குடுத்தா ரத்தத்துல பாஸ்பேட்ங்கற உப்பு திடீர்னு கொறஞ்சு இதயமே நின்னுபோகலாமாம். தெனமும் ரத்தம் எடுத்துப் பாத்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தினாங்க.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் நெஜ வேலை. லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரில உருவான முறை, சின்ன வயசுப் புள்ளைங்களுக்கு. எவ்ளோ சாப்பிடணும்ங்கற முடிவ கொஞ்ச நாளைக்கு அப்பா அம்மா கையில எடுத்துக்கணும், அப்புறம் மெல்ல அவங்க கையிலயே திருப்பிக் குடுக்கணும். கேக்க ஈஸியா இருக்குல்ல? மூணு வேளை சாப்பாடு, நடுவுல மூணு வேளை ஏதாவது, ஒவ்வொரு வேளையும் பக்கத்துல உக்காரணும், திட்டக்கூடாது, கெஞ்சவும் கூடாது. ஒரு கிண்ணம் தயிர் சாதத்துக்கு ஒண்ணே கால் மணி நேரம் உக்காந்திருக்கேன். டம்ளர் பறந்திருக்கு. என்னைக் கொல்றீங்கம்மான்னு கத்தியிருக்கா, அது உங்க பொண்ணு பேசல, நோய் பேசுதுன்னு டாக்டர் சொன்னத மனசுக்குள்ள சொல்லிட்டே ரசத்த ஊத்தியிருக்கேன். என் வீட்டுக்காரர் மதியம் ஆபீஸ்ல ஏதாவது பொய் சொல்லிட்டு வந்துடுவார், நான் பாத்ரூம்ல போய் அழறதுக்கு ஆள் மாத்தணும்ல.

நேரா ஏறிப்போற பாதையும் இல்ல இது. தேறிட்டு வந்த நேரத்துல பொங்கலுக்கு வந்த ஒருத்தங்க, இப்பதான் சதை போட்டு லட்சணமா இருக்கன்னாங்க. நல்லதாத்தான் சொன்னாங்க, பாவம். மூணு நாள் தண்ணியத் தவிர எதுவும் இறங்கல. புள்ளைங்க உடம்பப் பத்தி நல்லதும் சொல்லாதீங்க கெட்டதும் சொல்லாதீங்க, காலேஜ் எப்படிப் போகுதுன்னு கேளுங்க, வேற பேச்சா இல்ல ஊர்ல.

எல்லாரும் எலும்பா இருப்பாங்கன்னும் நெனைக்காதீங்க. புலிமியான்னு இன்னொரு சாப்பாட்டு நோய் இருக்கு, அதுல அளவில்லாம சாப்பிட்டுட்டு யாருக்கும் தெரியாம வாந்தி எடுத்துடுவாங்க, ஆளப் பாத்தா சாதாரணமா இருப்பாங்க, பல் எனாமல் அரிச்சுப்போனத வச்சு டென்டிஸ்ட் கண்டுபிடிக்கறதும் உண்டு. தனக்குப் புலிமியா இருந்துச்சுன்னு இளவரசி டயானாவே 1995ல டிவி பேட்டில சொன்னாங்க. ஆம்பளைப் பசங்களுக்கும் இந்த நோயெல்லாம் வரும். சந்தேகமா இருந்தா டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண் இருக்கு, 14416க்குப் போன் போடுங்க, காசு கெடையாது, தமிழ்ல பேசலாம். மயக்கம், படபடப்புன்னா போன் பேசிட்டு உக்காராதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

இப்ப காலேஜ் மொத வருஷம். முழுசா சரியாயிடுச்சான்னா, ஹோட்டல் மெனுவப் பாத்தா இன்னும் கை வேர்க்குது அவளுக்கு. போன வாரம் சாப்பிட்டுட்டிருக்கும்போது, என்னம்மா ரசத்துல உப்பே இல்லன்னா. ரெண்டு வருஷத்துல என் சமையல்ல அவ கண்டுபிடிச்ச மொத குறை. நெஜமாவே போட மறந்திருந்தேன்.