பிறஷர் குளிசையை நிப்பாட்டாதேங்கோ

தம்பி, ‘புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.தான் பிறஷருக்குக் காரணம், அது பிறவியில வந்தது, உப்பைக் குறைச்சும் குளிசை போட்டும் பிரயோசனம் இல்லை’ எண்டு உம்மட பதிவில எழுதியிருக்கிறீர். முதல் துண்டில் கொஞ்சம் உண்மை இருக்கு. மிச்சம் பிழை.

ஆர்.என்.ஏ. எண்டது உடம்புக் கலம் மரபணுவைப் பாத்து எடுக்கிற நகல், எழுத்துக் கோத்த சங்கிலி மாதிரி. புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.க்களில் பல, எந்தப் புரதம் எவ்வளவு உருவாகவேணும் எண்டதைக் கூட்டிக் குறைக்கும். அதில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 155 எண்ட குட்டி ஒண்டை எடுத்துக்கொள்ளும். நீளம் ஏறத்தாழ 22 எழுத்துத்தான். இரத்தக்குழாயை இறுக்கிற அஞ்சியோடென்சின் 2 எண்ட ஹோர்மோன் வந்து பிடிக்கிறதுக்குக் கலத்தில ஒரு ஏற்பி இருக்கு, சாவிக்குப் பூட்டு மாதிரி ஒரு புரதம். அந்த ஏற்பியைச் செய்யச் சொல்லுற தூது ஆர்.என்.ஏ.யில் 155 போய் ஒட்டி, அளவு மிஞ்சாமல் பாக்கும். சிலருக்கு ஒட்டுற இடத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கும். பிடி தளர்ந்து ஏற்பி கூடும், குழாய் இறுகிப் பிறஷர் ஏறலாம். அதுவும் பல காரணங்களில் ஒண்டு மட்டும்தான்.

இனி முக்கியமான விசயம். கிளினிக்கில் கன பேருக்குக் குடுக்கிற லொசாட்டன் குளிசை அடைக்கிறது இதே ஏற்பியைத்தான்! நீர் சொன்ன காரணமே குளிசை ஏன் வேலை செய்யுது எண்டதைக் காட்டுது.

கிளிநொச்சியில் எங்கட பெரியம்மா உம்மட பதிவைப் பேரன் வாசிக்கக் கேட்டிட்டு, குளிசைச் சரையைச் சுருட்டி சீனிப் போத்தலுக்குப் பின்னால வச்சிட்டா. அண்டைக்கு மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வேற. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைய உப்பு எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது அவவுக்கும்தான்.

தயவுசெய்து குளிசை பிரயோசனம் இல்லை எண்ட அந்த வரியை எடுத்துவிடும் தம்பி. குளிசையை நிப்பாட்டினவை நாளைக்கே கிளினிக் கொப்பியோட டொக்டரிட்டப் போங்கோ.