உப்பை யார் போடுவது?

"இந்தத் தகவலை ஒரு சிட்டிகை உப்புடன் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஆங்கிலம் தெரிந்ததால் புரிந்தது. தெரியாதவர் ஏதோ கைவைத்தியம் என்றுதான் நினைப்பார்.

'டேக் இட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்'. அமெரிக்கர்கள் பிஞ்ச் என்பதற்குப் பதில் 'கிரெய்ன்' என்பார்கள். சொல்வதை முழுசாக நம்பிவிடாதே, அவ்வளவுதான். பொய் என்று ஒதுக்கச் சொல்லவில்லை. பச்சைப் பொய்க்கு இந்தத் தொடரைப் போடுகிறவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

கைவைத்தியம் என்றேனே, அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இதன் வேராக வழக்கமாகக் காட்டப்படுவது ரோமானியர் பிளினி 1ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த ஒரு விஷமுறிவுக் குறிப்பு. பாண்டஸ் மன்னன் மித்ரிடேட்டஸ் தோற்றபின் அவனுடைய அந்தரங்கக் குறிப்புகளில் ரோமானியத் தளபதி பாம்பிக்குக் கிடைத்ததாம். உலர்ந்த வால்நட் 2, அத்திப்பழம் 2, அருவதா என்ற மூலிகையின் இலை 20, இவற்றோடு ஒரு மணி உப்பு சேர்த்து இடித்து வெறும் வயிற்றில் சாப்பிட்டால் அன்று முழுக்க எந்த விஷமும் ஏறாது! அங்கே உப்பு வெறும் உப்புதான், சந்தேகம் கிந்தேகம் எதுவும் இல்லை. சந்தேகப் பொருள் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்களையும் கொஞ்சம் யோசித்தே நம்ப வேண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். அப்படியே பெயர்த்தால் புரியாமல் போவது சின்னப் பிரச்சினை. பொருள் தலைகீழாகிவிடுவதுதான் பெரிய பிரச்சினை. ஆங்கிலத்தில் உப்பைப் போடுகிறவர் கேட்பவர். நம்மிடம் உப்பு, புளி, காரம் எல்லாம் சேர்ப்பவர் சொல்பவர். நடந்ததைக் கண், காது, மூக்கு வைத்துப் பெரிதாக்குவதற்குத்தானே அப்படிச் சொல்கிறோம்? ஏற்கெனவே சொன்னவர் போட்ட உப்பு போதாதென்று கேட்பவரும் போட்டால் என்ன ஆகும்!

கேட்பவர் செய்ய வேண்டியதற்கு நம் பேச்சில் வேறு கணக்கு இருக்கிறது. "அவர் சொல்றதுல பாதியைக் கழிச்சிட்டுக் கேளு." அவர்கள் கூட்டுகிறார்கள், நாம் கழிக்கிறோம். எனக்கென்னவோ நம் கணக்குதான் நேர்த்தியாகப் படுகிறது. எவ்வளவு கழிப்பது என்பதைக்கூட ஆளைப் பார்த்து முடிவு செய்யலாம், சிலருக்கு முக்கால்வாசி போய்விடும்.

அந்தக் கட்டுரை என் கைக்கு வந்திருந்தால் "முதற்கட்டத் தகவல்தான், கொஞ்சம் கழித்தே படியுங்கள்" என்று திருத்தியிருப்பேன்.