திருச்சிக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம்தான் பக்கம்

நம்பாதவர்கள் வரைபடத்தை எடுத்து அளந்து பாருங்கள். திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு நேர்கோட்டில் சுமார் 185 கிலோமீட்டர். சென்னைக்கு ஏறக்குறைய 290. ஆனால் திருச்சிக்காரர் யாரையாவது கேட்டால், சென்னை "இதோ இருக்கிற ஊர்", யாழ்ப்பாணம் "வெளிநாடு" என்பார்.

2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்து பலாலிக்கு இண்டிகோ நேரடி விமானம் விட்டது. ஏடிஆர் வகைச் சிறிய விமானம், அட்டவணைப்படி பயணம் ஒரு மணி நேரம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடியதற்கு 185 கிலோமீட்டர் கடக்க இருபத்தைந்து நிமிடம்கூட வேண்டாமே, பிறகு ஏன் ஒரு மணி நேரம் என்று சிலர் கேட்டார்கள். விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்கும் வரைக்குமான கணக்கு அது. ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேரும். குறைந்த தூரம் என்றால் முழு வேகத்தில் பறக்கும் நேரமே கொஞ்சம்தான். அதோடு வெளிநாட்டுப் பயணம் என்பதால் குடியகல்வு, சுங்கம் என்று வரிசையில் நிற்கும் நேரம், பறக்கும் நேரத்தைவிட அதிகம்!

சரி, அதுகூடப் பரவாயில்லை. நேரடி விமானம் இல்லாத காலத்தில் எப்படிப் போனார்கள் தெரியுமா? திருச்சியில் ஏறி, யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து பேருந்திலோ ரயிலிலோ மறுபடி வடக்கே ஏழெட்டு மணி நேரம். பக்கத்து வீட்டுக்குப் போக அடுத்த ஊர் போய்த் திரும்பி வருவதுபோல.

இத்தனைக்கும் இது புதிய வழியே இல்லை. 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பு அருகே ரத்மலானையிலிருந்து, பலாலி பக்கத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் பறந்தது. அப்புறம் போர் வந்தது, பலாலி ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வந்தது. சில மாதங்களிலேயே கொரோனா. மறுபடி விமானம் வர 2022 டிசம்பர் ஆனது.

கப்பல் இருக்கிறதே என்பீர்கள். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிய சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம், நல்ல விஷயம்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் அதை நம்ப முடியாது. கார்த்திகை, மார்கழியில், அதுவும் சிதம்பரத்தில் திருவாதிரைக்கு வர நினைக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு விமானம்தான் கதி.

ஆகவே இந்த வழித்தடத்தை ஒரு கம்பெனியின் லாப நட்டக் கணக்குக்கு மட்டும் விடக்கூடாது என்பது என் கருத்து. கோயிலுக்கும், வேலூர் ஆஸ்பத்திரிக்கும், கல்யாணப் பட்டு எடுக்கவும் வருகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை, பஸ் பிடித்து வருவதுபோல வந்து போக வேண்டியவர்கள். கவுகாத்தியிலிருந்து டாக்காவுக்கு விமானம் விட அசாம் அரசு 2019-ல் மானியம் கொடுத்தது. திருச்சி – யாழ்ப்பாணத்துக்குத் தமிழ்நாடு அரசு அப்படி ஒரு மானியம் கொடுக்க என்ன தடை? சட்டமன்றத்தில் யாராவது கேட்டால் தேவலை.