தப்பியது சுருதி இல்லை, கடிகாரம்

சனிக்கிழமை ராத்திரி கோயில் மேடையில் பாடிய தங்கச்சி சுருதி தப்பிவிட்டாள் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் வாட்சப் குழுக்களில் வீடியோவோடு ஓடுவதையெல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்தத் தங்கச்சிக்குச் சுருதி தப்பவில்லை. திரும்பவும் சொல்கிறேன், தப்பவில்லை. தப்பியது ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சரின் கடிகாரம்.

லேப்டாப்பில் இருப்பது வெறும் எண்கள். நொடிக்கு எத்தனை எண் வெளியே போக வேண்டும் என்று தாளம் போடுவது மிக்சருக்குள் துடிக்கும் சின்னக் குவார்ட்ஸ் துண்டு. அவள் பின்னணி இசை நொடிக்கு 48,000 கணக்கில் பதிவானது. மிக்சர் நின்றது 44,100-இல், அதாவது சிடி கணக்கில். நிகழ்ச்சி முடிந்ததும் திரையில் என் கண்ணாலேயே பார்த்தேன். இடையில் எந்த மென்பொருளும் அதை மாற்றிக் கொடுக்கவில்லை. அப்படி ஓடினால் ஐந்து நிமிடப் பாட்டு 26 நொடிக்கு மேல் இழுக்கும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கும் (ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு நடுவிலுள்ள தூரம் ஒரு செமிடோன்). ஐந்து கட்டையில் பழகியவளுக்கு இசை வந்தது நாலுக்கும் நாலரைக்கும் நடுவில். ஆர்மோனியத்தில் அந்த இடத்தில் கட்டையே கிடையாது! ஆர்மோனிய அண்ணன் ஒரு கட்டையை அமுக்கினார், முகம் சுளித்தார், பக்கத்துக் கட்டைக்குப் போனார், கடைசியில் துருத்தியை மூடிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குச் சுருதி தெரியாது என்று யாராவது எழுதினீர்களா?

‘ஒத்திகையில் சரியாக இருந்ததே’ என்கிறீர்கள். ஒத்திகைக்குப் பிறகு நடனக் குழுவின் பாட்டுக்காக மிக்சரை 44,100-க்கு மாற்றினார்கள், திருப்பி வைக்கவில்லை. ‘நல்ல பாடகி சமாளித்திருப்பாள்’ என்கிறார் ஒருவர். சமாளித்தாளே! இரண்டாவது சரணத்தில் இறங்கி வந்து பிடித்தாள். நீங்கள் வெட்டிப் போட்ட வீடியோவில் அதைத்தான் காணோம். ‘வாயும் தாளமும் ஒட்டவில்லை, பாருங்கள்’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். கேமராவுக்கு ஒரு கடிகாரம், ஒலிப்பதிவுக்கு ஒரு கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே இரண்டு மணி நேரத்தில் 0.36 நொடி விலகிவிடும். அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டுமா? எல்லாக் கருவிக்கும் ஒரே தாளம் கொடுக்கும் பத்தாயிரம் ரிங்கிட் கடிகாரப் பெட்டி வாங்கச் சொல்லவில்லை. மேடை ஏறும் முன் இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

அப்பா தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரம் சீவியவர். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, ஆபிஸ் கடிகாரம்தான் கணக்கு. ஒருநாள் அது கால் மணி முந்தி ஓடியது. அப்பா கையில் ஐந்தே முக்கால், மேற்பார்க்கும் தண்டலுக்கு ஆறு. ‘லேட்டு’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் கித்தா பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த நாள் சம்பளம் போனது போனதுதான். ஆபிஸ் கடிகாரத்தை அன்றைக்கு ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தோட்டத்து ஆள் என்றால் தப்பு ஆள்மேல்தான் என்று எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்?

மூன்று மாதம் டியூசன் முடிந்து வந்து ராத்திரியில் பாடிப் பழகிய பிள்ளை அது. இந்த வெள்ளிக்கிழமை பஜனைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாம், அவள் அம்மா அழுகிறார். அந்த வீடியோவை இன்று ராத்திரிக்குள் எடுங்கள்.