"ரொம்ப ஈசிங்க, யாரு வேணா பண்ணலாம்"னு சொன்னவங்கல்லாம் கொஞ்சம் முன்னாடி வாங்க

மாடித்தோட்டம் ஈசின்னு சொல்ற ஒவ்வொருத்தரையும் அக்னி நட்சத்திரத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கு செருப்பில்லாம எங்க மொட்டை மாடியில நிக்க வைக்கணும்ங்க. சென்னைங்க இது. தளம் கொதிக்குது, வெயில் மேல இருந்து மட்டும் வரல, கீழ இருந்தும் வருது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போய் செடி வச்சிருக்கிற க்ரோ பேக்குக்குள்ள (தொட்டிக்குப் பதிலா வைக்கிற பை) விரலை விட்டா மண்ணு இன்னும் சுடுது, காலையில ஊத்தின தண்ணி எங்க போச்சுன்னே தெரியல. இதுல வேர் எப்படி உயிரோட இருக்கும்னு ஒரு வீடியோவாவது சொல்லுதா? சொல்லாது. அதுல எப்பவும் ஒரு அக்கா கூடை நிறைய தக்காளி பறிச்சு சிரிச்சிட்டு நிப்பாங்க, எந்த ஊரு, எந்த மாசம், ஒண்ணும் தெரியாது.

மார்ச் மாசம் விதைக் கடையில நான் கேட்டேங்க, தக்காளி இப்ப போடலாமான்னு வாயைத் திறந்து கேட்டேன். "தாராளமா போடுங்க மேடம், மாடித்தோட்டத்துக்கு சீசனே கிடையாது"ன்னு சொல்லி விதை, பை, உரம் எல்லாத்தையும் சேத்து தலையில கட்டிட்டாரு. சீசனே கிடையாதாம்! அப்ப ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க வேலையில்லாமயா சொல்லி வச்சாங்க?

செடி என்னமோ ஜம்முனு வளந்துச்சு. பூவும் கொத்து கொத்தா வச்சுது. ஒண்ணு கூட காயாகல. பூக்காம்பு நடுவுல ஒரு சின்ன கணு இருக்கும் பாருங்க, அது லேசா மஞ்சளாகும், தொட்டா போதும், பொட்டுனு அந்த இடத்துலயே கழண்டு கையில வந்துடும். காலையில மாடி கூட்டினா முறத்துல பாதி தக்காளிப் பூ. இதை குடும்ப க்ரூப்ல போட்டதுதான் தாமதம், ஆளாளுக்கு வைத்தியம். புளிச்ச மோர்ல பெருங்காயம் கலந்து அடி, தேங்காப்பாலும் மோரும் சேத்து புளிக்க வச்ச தேமோர் கரைசல் அடி, எப்சம் சால்ட் போடு, மீன் அமிலம் ஊத்து. அதையும் ஊத்தினேன், தெருப் பூனையெல்லாம் மாடியில மாநாடு போட்டதுதான் மிச்சம். விஷயம் என்னன்னா தக்காளிக்கு பகல்ல 35 டிகிரி தாண்டி, ராத்திரியும் 25க்கு கீழ இறங்கலைன்னா மகரந்தம் வேலை செய்யாது, பூ தானா உதிரும், அவ்வளவுதான். நம்ம ஊர்ல மே மாசம் ராத்திரியே 28. இதுல மோர் ஊத்தி என்ன ஆகப் போகுது, நான் குடிச்சிருந்தா எனக்காவது குளிர்ச்சியா இருந்திருக்கும்.

அடுத்து இந்த கோகோ பீட், அதாங்க தேங்காய் நார்த் தூள். மண்ணு வேண்டாம், வெயிட்டு, மாடி தாங்காது, கோகோ பீட்டே போதும்னு சொல்றவங்க அதுல உப்பு இருக்குன்னு சொல்றதே இல்ல. மலிவா கிடைக்கிற 5 கிலோ கட்டியை ஊற வச்சு நல்லா கழுவி கழுவி ஊத்தணும், இல்லைன்னா நாத்து இலை நுனியெல்லாம் கருகும். உப்பு கம்மியா கழுவி விக்கிறதும் இருக்கு, அது விலை ஜாஸ்தி, கடைக்காரர் அதைப் பத்தி மூச்சே விடல. சரி கழுவலாம்னா எங்க அபார்ட்மெண்ட்ல வர்றது போர் தண்ணி, பக்கெட்டு ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையா படியுற தண்ணி. உப்பை உப்புத்தண்ணியில கழுவுறேன் நான்! அந்த கழுவின தண்ணி பிரவுன் கலர்ல பைப் வழியா இறங்கி கீழ் வீட்டு செவுத்துல கோடு போட்டுச்சு, அங்கிள் மேல ஏறி வந்து, "என்னம்மா, தினமும் டிகாக்ஷன் போட்டு கொட்டுறியா"ன்னு கேட்டுட்டு போனாரு. அதுக்கப்புறம் அவங்க வீட்டு சீலிங்ல எந்த ஈரம் தெரிஞ்சாலும் அதுக்கு என் வெண்டைக்காய்தான் காரணம், அசோசியேஷன் மீட்டிங்ல தனியா ஒரு அஜெண்டாவே நான்தான்.

வெண்டைக்காய்னதும் ஞாபகம் வருது. அது சூடு தாங்கும், உண்மை. ஆனா வெள்ளை ஈ வந்து உக்காந்து நோயைப் பரப்பிட்டு போச்சுன்னா இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிடும், அதுக்கு மருந்தே கிடையாது, பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

கத்திரியில மாவுப்பூச்சி. இலையும் தண்டும் சேர்ற இடுக்குல பஞ்சு மாதிரி ஒட்டிட்டு இருக்கும், பக்கத்துலயே எறும்பு வரிசை, பூச்சி விடுற இனிப்புக்காக எறும்பே அதை காவல் காத்து செடி செடியா கொண்டு போய் விடுது. கேட்டா எல்லாரும் ஒரே மந்திரம், "வேப்பெண்ணெய் 5 மில்லி, ஒரு லிட்டர் தண்ணி". எண்ணெய் தண்ணியில கரையாதுங்க! முதல்ல எண்ணெயை சோப்புக் கரைசல்ல அடிச்சு கலக்கணும், சாயங்காலம் வெயில் இறங்கினப்புறம்தான் அடிக்கணும், வெயில்ல அடிச்சா பூச்சிக்கு முன்னாடி இலை கருகிடும், எறும்பை நிறுத்தலைன்னா பூச்சி திரும்ப வரும். இந்த பாதி விஷயத்தை முழுங்கிட்டு "இயற்கை முறையில ஈசியா விரட்டலாம்"னு தம்ப்நெயில் மட்டும் போடத் தெரியுது.

இதுல காசு மிச்சம்னு வேற ஒரு கூட்டம். 2023 ஜூலையில தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, கவர்மெண்டே ரேஷன் கடையில கிலோ 60க்கு வித்துச்சே, அப்ப எங்க சித்தப்பா ஆரம்பிச்ச பேச்சு இது, "வீட்லயே வளத்தா ஓசிம்மா". சித்தப்பா, பை, பீட், மண்புழு உரம், நிழல்வலை, ஸ்ப்ரேயர், எல்லாம் கூட்டிப் பாத்தா அந்த நூறு ரூபா தக்காளியையே வருஷம் பூரா வாங்கித் தின்னுருக்கலாம்.

தண்ணி டேங்க் நிழல்ல இருந்த ஒரே ஒரு செடி மட்டும் எப்படியோ காய் பிடிச்சுது. ஒரு பழம் நல்லா செவப்பா, செவுத்துப் பக்கம் ஒட்டித் தொங்குச்சு, போட்டோ எடுக்கலாம்னு திருப்பினா பின்பக்கம் காலி. அணில் பாதியை குடைஞ்சு தின்னுட்டு முன்பக்கத்தை எனக்கு ஷோவுக்கு விட்டுட்டு போயிருக்கு.

இப்போதைக்கு கொத்தவரையும் தண்டுக்கீரையும்தான் நிக்குது, அதுங்களுக்கு வெயில் ஒரு பொருட்டே இல்ல, முதல்லயே அதைப் போடுங்கன்னு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் அந்த விதைக் கடைக்காரருக்கு? தக்காளி இனி ஆடிக்குதான். அதுவரைக்கும் "ஈசி"ன்னு தலைப்பு போட்ட லிங்க் எதையும் எனக்கு ஃபார்வர்ட் பண்ணாதீங்க, சித்தப்பா உங்களையும் சேத்துதான் சொல்றேன்.